உள்பையில் கிடந்த மரப்பறவை

இன்று காலை நான் வேலை செய்கிற பழஞ்சாமான் கடைக்கு வந்த ஒருவன் கோட்டுப் பையிலிருந்து சுருட்டுத் தகரம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தான். முதலில் வந்தது வாசனைதான். பழைய புகையிலை, பித்தளை, ஈரம் பிடித்த பட்டு நாடா. உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பழைய கதிரைகளும் ஓடாத மணிக்கூடு ஒன்றும் நின்றன. நீ செத்து இரண்டு வருடம் கடந்துவிட்டது.

“ஜேர்மன் நாசிகளுடையதுதானே?” என்று அவன் கேட்டான். ஓம் என்று நான் சொல்லவேண்டும் என்ற ஆசை அவன் முகத்தில் இருந்தது.

தகரத்துக்குள் கிடந்த பதக்கங்களில் ஒன்றை எடுத்தேன். குறுக்காக வைத்த இரண்டு துவக்குகள், நடுவில் வட்டம் வட்டமாகக் கீறிய இலக்குப் பலகை, சுற்றிவர ஓக் இலைகள், மேலே ஒரு கழுகு. பிரட்டினேன். பின்பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் பெயர், வருடம், அதன் கீழ் கையால் வெட்டிய ஒரு மனிதனின் பெயர். விளிம்பில், நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற அளவில், பிறைநிலவும் கிரீடமும். வெள்ளிக்கு அந்த நாட்டுக்காரர்கள் குத்துகிற முத்திரை.

“நாசி இல்லை. அவர்கள் வருவதற்கு முப்பது வருடம் முந்தியது. யுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்றேன். அந்த ஊர்களில் துவக்குச் சங்கம் என்று ஒன்று இருந்ததையும், இறைச்சிக்கடைக்காரனும் பாண் போடுகிறவனும் தச்சனும் கோடையில் ஒருநாள் பாண்ட் வாத்தியத்தோடு ஊர்வலம் போய், பியர் குடித்து, பலகையைச் சுட்டுப் போட்டி வைத்ததையும் சொன்னேன். யுத்தப் பதக்கம் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடிப்பது. அதில் நாட்டின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் அநேகமாக இருக்காது. இதில் ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறான்.

அவன் முகம் வாடிவிட்டது. “உனக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரொக்ஸ்பரோவில் நாங்கள் வெறுமையாக்கிய வீட்டுக்கு உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். உனக்கு அங்கே போக விருப்பம் இருக்காது. எனக்கும் இல்லை.

அது இரண்டாயிரத்து ஐந்து, நவம்பர். முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்களின் வீடுகளை வெறுமையாக்குவது எங்கள் தொழில். பட்ரோன் என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளியிடம் ஒரு லொறியும் ஒரு சட்டமும் இருந்தன. சாமான்களை மூன்று குவியலாகப் பிரி: குடும்பத்துக்கு, விற்பனைக்கு, குப்பைக்கு. ஒரு சாமானை இரண்டாம் தரம் பார்க்காதே. ஒருவன் ஐம்பது வருடம் சேர்த்ததை இரண்டு நாளில் முடிக்கவேண்டுமென்றால் வேறு வழியில்லை. எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. இந்த மனிதர்களின் வெள்ளிக் கரண்டிகளையும் கலியாணப் படங்களையும் ஏன் பார்க்கவேண்டும்? எங்கள் வீடுகளை எரித்தவர்கள் ஒன்றையும் குவியல் பிரித்து எரிக்கவில்லையே.

நீ மட்டும் எல்லாவற்றையும் பார்ப்பாய். தேநீர்க் கோப்பையின் அடியைக்கூடப் பிரட்டிப் பார்ப்பாய்.

“டேய் மட்டக்களப்பான், என்ன, மந்திரம் போடுறியா?” என்று நான் கத்துவேன்.

“ஓம் மச்சான். உன்னை இந்த மெத்தையோட ஒட்ட வைக்கத்தான். இல்லாட்டி நீ இதைத் தூக்கமாட்டாய்.”

மந்திரம் போட்டு வந்தவனைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்பதிலிருந்து, யாழ்ப்பாணத்தில் என் வீட்டில் உன் ஊர் ஆட்களைப் பற்றிச் சொன்ன எல்லாப் பகிடிகளையும் நான் உன்மேல் பாவித்தேன். நீ ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாய். நான் சிரித்தேன். உனக்கு நொந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வீட்டுக்காரிக்கு எண்பத்திநாலு வயது. மதாம் என்றுதான் கூப்பிட்டோம். ஜேர்மனியிலிருந்து வந்தவர். அன்று மத்தியானம் மகன் வந்து அவரை டொலார்ட்டில் உள்ள இல்லத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவர் கோட்டைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெறும் வரவேற்பறையில் மிஞ்சியிருந்த ஒரே கதிரையில் காலையிலிருந்து இருந்தார்.

நிலக்கீழ் அறையில் நீதான் இதேபோல ஒரு சுருட்டுத் தகரத்தைக் கண்டெடுத்தாய். பன்னிரண்டு பதக்கங்கள். நான் மேலே கிடந்ததை எடுத்தேன். துவக்கு, கழுகு. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

“நாசி. கிழவியின்ர தகப்பன் கொலைகாரன்.”

நீ இன்னொன்றை மின்குமிழுக்குக் கிட்டப் பிடித்தாய். “ஆயிரத்துத் தொளாயிரத்து நாலு எண்டு போட்டிரிக்கு.”

“அப்ப, அப்பவே கொல்லத் தொடங்கிட்டாங்கள்.”

“பிரட்டிப் பார் மச்சான். பேர் வெட்டியிரிக்கு. இந்தப் பக்கம் வட்டம். இது ஆளைச் சுட்டதுக்கு இல்ல. பலகையைச் சுட்டதுக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

நான் கேட்டது அதே கேள்வி. நீ பதக்கத்தைச் சட்டைக்கையால் துடைத்தபடி சொன்னாய். பதினைந்து வயதில் இயக்கம் உன்னை வீட்டிலிருந்து கொண்டுபோனது எனக்குத் தெரியும். இதை நீ அதுவரை சொல்லியிருக்கவில்லை. அங்கும் பலகையில் இப்படித்தான் வட்டம் கீறிப் பழக்கினார்களாம். உன் அணியில் நீதான் முதலாவது ஆளாம்.

“நல்லாச் சுட்டவனுக்கு என்ன குடுத்தாங்கள்?” என்று கேட்டேன். நக்கலாகத்தான்.

“முன்வரிசை குடுத்தாங்கள்” என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. நான் பத்தொன்பது வயதில் பிளேன் ஏறியவன். துவக்கைத் தொட்டதேயில்லை. ஆனால் துவக்கைப் பற்றி எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற வீறாப்பில் கத்துகிறவனும் நான்தான். தகரத்தை உன் கையிலிருந்து பறித்துக்கொண்டு மேலே போனேன். உனக்குத் தெரியும், நீ பின்னால் ஓடி வந்தாய்.

மதாமின் முகத்துக்கு நேரே பதக்கத்தை ஆட்டி, என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன்: “உங்கள் தகப்பன் எத்தனை பேரைக் கொன்றார்?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. “பறவை, பறவை” என்றார். ஒரு கையை மேலே நீட்டி ஒரு கம்பத்தைக் காட்டினார். மறுகையால் குறி வைத்தார். மரம், மரத்தால் செய்த பறவை, துண்டு துண்டாய் விழும், கடைசித் துண்டு, அப்பா, ராசா. அழுதுகொண்டே சொன்னார். மூளை கலங்கிய கிழவி என்று நினைத்தேன். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தாய், சந்தோசமாக.

“மரக்குருவி சுட்டிருக்கார் மச்சான். கடைசித் துண்டை விழுத்தினவர் ராசாவாம். விடு அவவை.”

நான் விடவில்லை. வெளியே போய்த் தகரத்தைக் குப்பைக் கொள்கலனுக்குள் எறிந்தேன். கொலைகாரர்களின் சாமான் எந்தக் குவியலில் போகவேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மகன் வந்து அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனபோது அவர் கதவடியில் நின்று உன்னிடம் கையால் ஒரு பெட்டியின் அளவைக் காட்டினார். “துமென், மதாம்” என்றாய் நீ. நாளைக்கு. மறுநாள் மிச்சப் பைகளை எடுக்க அவரும் மகனும் வருவதாக ஏற்பாடு இருந்தது. கார் போனதும் நீ கொள்கலனுக்குள் இறங்கினாய். நனைந்த கார்பெட்டுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் நடுவில் முழங்கால்வரை நின்று தகரத்தை எடுத்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஒண்டு காட்டுறன், வா” என்றாய்.

“வேலை கிடக்கு.”

“சரி, மறுகா காட்டுறன்.”

உன் ஊர்க்காரர் ‘பிறகு’ என்பதற்குச் சொல்கிற சொல் அது. அதையும் நான் நெளித்துச் சொல்லிப் பகிடி பண்ணினேன்.

மறுநாள் மதாம் வரவில்லை. மகன் மட்டும் வந்தான். அம்மாவின் பதக்கங்கள் எங்கே என்று பட்ரோனிடம் கேட்டான். வேலைக்கார இளைஞனிடம் இருப்பதாக அம்மா சொன்னாராம். பட்ரோன் ஒரு வார்த்தை எங்களைக் கேட்கவில்லை. நேரே போய்க் கொளுவியில் தொங்கிய எங்கள் ஜக்கெட்டுகளைத் தடவினான். உன் வெளிப்பையில் தகரம் இருந்தது. மகன் திறந்து எண்ணினான். பதினொன்று. தாத்தாவின் வெள்ளிப் பதக்கம், அவர் ராசாவான வருடத்துக்கு உரியது, அதுதான் இல்லை. அவன் தொலைபேசியை எடுத்துப் பொலிஸ் என்றான்.

நான் படிக்கட்டில் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தரம். உனக்கு அகதி விசாரணைக்கு மூன்று கிழமை இருந்தது. எனக்கு அம்மாவைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் பத்திரங்கள் ஒட்டாவாவில் இருந்தன. பொலிஸ் பதிவு ஒன்று வந்தால் அது என்ன ஆகும் என்று நான் அந்தக் கணத்தில் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தேன், தெளிவாக. ‘அதைக் குப்பையில் எறிந்தது நான். இவன் எடுத்துத் திருப்பிக் குடுக்க வைத்திருக்கிறான்.’ இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியும்.

நான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது நீ இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. ஜக்கெட் கொளுவியில் தொங்கியது. வெளியே பனித்தூறல். நீ சேர்ட்டோடு ரயில் நிலையப் பக்கம் ஓடியதாக லொறி ஓட்டுகிறவன் சொன்னான்.

கோட்-டெ-நேஜில் நாங்கள் ஐந்து பேராக இருந்த அறைக்கு ஜக்கெட்டைக் கொண்டுவந்து ஆணியில் கொளுவினேன். நீ வரவில்லை. பொலிஸ் அங்கே நிற்கும் என்ற பயத்தில் விசாரணைக்கும் போகவில்லை. உன் வழக்கைக் கைவிட்ட வழக்கு என்று மூடினார்கள். டிசம்பரில் ஒருநாள் தொலைபேசி எடுத்தாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் கூரை வேலை செய்வதாகச் சொன்னாய்.

“என்ர ஜக்கெட்டைக் கொண்டு வா மச்சான். மெற்றோவில மஞ்சள் லைன், கடைசி ஸ்டேசன். டெலிபோன் பூத்துக்குக் கிட்ட நிப்பன்.”

“ஞாயிறு வாறன்” என்றேன்.

‘ஏன் நீ வாய் திறக்கவில்லை’ என்று என்னைக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. மதாமுக்குப் பதக்கம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டாய். அதனால்தான் எனக்கு வரமுடியாமல் போனது. நீ திட்டியிருந்தால் வந்திருப்பேன். அந்த ஞாயிறு வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. நீ பிறகு எடுக்கவேயில்லை.

ஏப்ரலில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நீ ஒரு பங்களாவின் கூரையிலிருந்து விழுந்தாய். உன் காற்சட்டைப் பையில் இருந்த துண்டில் என் இலக்கம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நான்தான் அடையாளம் காட்டினேன். உன்னை வேலைக்கு வைத்திருந்தவன் உன்னைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றான். பத்திரம் இல்லாதவனை அப்படிச் சொல்லிவிடலாம், இந்த நாட்டில் அது சுலபம். அவனை அடிக்கப் போனேன். தடுத்துவிட்டார்கள். பிறகுதான் விளங்கியது, படிக்கட்டில் நான் செய்ததும் அதேதான். அவன் அதை வாயால் சொன்னான், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் அம்மாவிடம் தொலைபேசியில் நான்தான் சொன்னேன். அவ கேட்டா: “அங்க சரியான குளிராமே மனே. புள்ள குளிருக்கு ஏதும் போட்டிருந்தவனா?”

“ஓம் அம்மா, போட்டிருந்தவன்” என்றேன். ஜக்கெட் எனக்கு முன்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோடையில் அதை யாருக்காவது குடுத்துவிடலாம் என்று எடுத்தேன். உள்பையில் என் விரல் குத்துப்பட்டது. ஊசி. வெளியே எடுத்தேன். வெள்ளிப் பதக்கம், கறுத்திருந்தது. ஒரு உயர்ந்த கம்பம், அதன் உச்சியில் சிறகு விரித்த ஒரு மரப்பறவை, கீழே தொப்பி போட்ட மூன்று பேர் மேலே குறி வைக்கிறார்கள். ஒரு சிறகு ஏற்கெனவே சுட்டு விழுத்தப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் பெயர், வருடம். மதாம் கையை நீட்டிக் காட்டிய அதே கம்பம்.

எனக்குக் காட்டுவதற்காக நீ இதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாய். இதைப் பார்த்தால் இந்த மடையனுக்கு விளங்கும் என்று நினைத்திருக்கிறாய். மகனின் எண்ணிக்கையில் குறைந்த அந்த ஒன்று, உன்னைக் கள்ளன் ஆக்கிய அந்த ஒன்று, எனக்காக எடுத்தது.

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் போய் இருந்து பதக்கங்களை வாசிக்கப் பழகினேன். கழுகைக் கண்டால் முடிவு செய்யாதே, எல்லா நூற்றாண்டிலும் கழுகு இருக்கிறது. நாடாவின் நிறத்தைப் பார், நாட்டினுடையதா, ஊரினுடையதா. கறுப்பைத் தேய்க்காதே, தேய்த்தால் எழுத்து போய்விடும். சில பதக்கங்களில் ஒரு வாசகம் இருக்கும்: கண்ணையும் கையையும் தந்தை நாட்டுக்காகப் பழக்கு. நாங்கள் தாய்நாடு என்பதை அவர்கள் தந்தை நாடு என்கிறார்கள். அதை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பி வந்தேன். விளையாட்டுத்தான், மச்சான். பாண் போடுகிறவனும் தச்சனும் விளையாடிய விளையாட்டு. ஆனால் அந்தக் கண்ணையும் கையையும் பிறகு கேட்டு வாங்கப் போகிறவன் எங்கோ இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். உன் பலகையில் வட்டம் கீறியவனைப்போல.

மரப்பறவையை எடுத்துக்கொண்டு டொலார்ட்டுக்குப் போனேன். மதாம் யன்னலோரம் இருந்தார். தகரம் அவருடைய மேசையில் இருந்தது. பதக்கத்தை உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

“மற்றப் பிள்ளை எங்கே? நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னவர்.”

எல்லாவற்றையும் சொன்னேன். எறிந்தது நான் என்றும், பேசாமல் நின்றது நான் என்றும், கூரையையும், மழையையும். அவர் அழவில்லை. “நான் மகனிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை திருடவில்லை, நாளை கொண்டுவரும் என்று. எனக்கு மறதி என்றான்” என்றார். ஒரு கிழவியின் சொல்லை யாரும் கேட்கவில்லை. ஒரு அகதியிடம் யாரும் கேட்கவேயில்லை. கேட்டால் எடுபடக்கூடிய சொல் அந்த வீட்டில் ஒருவனிடம்தான் இருந்தது. அவன் மெத்தை தூக்கிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டையும் மேசையில் வருட ஒழுங்கில் அடுக்கினேன். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூன்றோடு நின்றன. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அப்பா முதலாம் உலக யுத்தத்திலிருந்து இரண்டு விரல் குறைந்து திரும்பி வந்தாராம். அதன்பிறகு சங்கத்து விழாவுக்குப் போவாராம், குடிப்பாராம், பறவைக்குக் கீழே நிற்கமாட்டாராம். மரத்துண்டு விழுகிற சத்தம் அவருக்கு ஆகாதாம். நீ கோட்-டெ-நேஜில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்வது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கும் நான் ஒரு பகிடி வைத்திருந்தேன்.

இனிக் காலையில் வந்தவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று சொல்கிறேன்.

“என் சிநேகிதன் சொன்னான். அவன்தான் முதலில் பிரட்டிப் பார்த்தவன். அவனைக் கள்ளன் என்றார்கள். அவன் களவெடுக்கவில்லை. குப்பையில் எறிந்தது நான்.”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தகரத்தை மூடிக்கொண்டு போய்விட்டான். பரவாயில்லை. கேட்கிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும். கடைக்காரர் எனக்கு விசர் என்று நினைக்கிறார். அன்றைக்கு ரொக்ஸ்பரோவில் சொல்லவேண்டிய இரண்டு வசனங்கள், மூன்று வருடம் பிந்தி, சம்பந்தமில்லாதவர்களின் காதில் விழுகின்றன.

ஜக்கெட்டை நான் யாருக்கும் குடுக்கவில்லை. நவம்பர் வந்ததும் போட்டுக்கொள்கிறேன். எனக்குக் கை கொஞ்சம் நீளம். உள்பையின் துணியில், ஊசி குத்தி, ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. குளிரும்போது விரல் தானாக அங்கே போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் லைனில் ஏறி, ஆற்றுக்குக் கீழால் போய், கடைசி ஸ்டேசனில் இறங்கி டெலிபோன் பூத்துக்குக் கிட்ட நிற்கிறேன். பஸ்களுக்காக ஓடுகிற சனம் என்னை இடித்துக்கொண்டு போகிறது. உன் உயரத்தில், சேர்ட்டோடு யாராவது வந்தால் ஒரு அடி முன்னுக்கு வைக்கிறேன். பிறகு நின்றுவிடுகிறேன்.

ஞாயிறு வாறன் என்று சொன்னனான் மச்சான். ஒவ்வொரு ஞாயிறும் வாறன்.